பெட்டி மேல் ஒரு வட்டம்

என் மனைவியைப் பற்றி நானே எழுதினால் ஊரில் நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஜெயபிரியா எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் முப்பத்தொன்று வெளிவந்திருக்கின்றன. அவள் எப்படிப்பட்டவள் என்று அவற்றில் ஒரு வரிகூடக் கிடையாது. அதை எழுதுகிற தகுதி, பத்து வருடமாக அவளிடம் தினமும் திட்டு வாங்குகிறவனுக்குத்தான் உண்டு. நான் வேல்ராஜ். தென்காசியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன்.

அவள் குத்துக்கல்வலசைக்காரி. அப்பா சிவனணைந்தபெருமாள், இரண்டு ஏக்கர் நெல் வயல்காரர். சின்ன வயதிலிருந்தே வேதியியல் என்றால் உயிர் என்றெல்லாம் அவள் கதை விடமாட்டாள். குற்றாலத்தில் கல்லூரியில் சேரப் போன அன்று கணக்கில் இடம் இல்லை, இயற்பியலிலும் இடம் இல்லை, மிச்சம் இருந்தது வேதியியல். மூன்றாவது பந்தியில் உட்கார்ந்தவளுக்குத்தான் பாயசம் கிடைத்தது என்று நான் கேலி செய்வேன். காரைக்குடியில் ஆறு வருடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினாள். கொரியாவில் இரண்டு வருடம். பிறகு, வெளிநாட்டில் இருக்கச் சொன்னவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுவிட்டு, தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

"என்னம்மா கண்டுபிடிக்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். "சென்சார்" என்பாள். "கார் ரிவர்ஸ் எடுக்கையில கீ கீன்னு கத்துமே, அதா?" என்று கேட்பார்கள். எனக்குக் கோபம் வரும். அவளுக்கு வராது. "அது மாதிரிதான் மாமா, ஆனா இது தண்ணியில வெஷம் இருந்தா கத்தும்" என்று சொல்லிவிட்டு இட்லியைப் பிட்டுக்கொண்டிருப்பாள்.

எனக்கும் அவளுக்கும் முடிச்சுப் போட்டது ஒரு மோட்டார். அவள் ஆய்வகத்தில் மருந்து கலக்கும் இயந்திரம் நின்றுபோய் என்னைக் கூப்பிட்டார்கள். வைண்டிங் போயிருக்கிறது என்றேன் நான். இல்லை, பேரிங்தான் என்றாள் அவள். கழற்றிக் காட்டினேன். உள்ளே சுற்றியிருந்த செம்புக் கம்பி கருகிக் கிடந்தது. எங்கள் இருவருக்கும் இடையே நடந்த வாதங்களில் நான் ஜெயித்தது அது ஒன்றுதான். ஆனால் அவள் முகம் சுருங்கவில்லை. "சரி, நான் சொன்னது தப்பு. தொறக்காமலே எப்படிக் கண்டுபிடிச்சிய?" என்று பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். படித்தவர்கள் தப்பை ஒத்துக்கொண்டு நான் அதுவரை பார்த்ததில்லை. முப்பது வயது தாண்டியும் டாக்டர் பட்டக்காரிக்கு மாப்பிள்ளை அமையவில்லை என்று அவள் வீட்டில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். டிப்ளமாக்காரன் போய்ப் பெண் கேட்டேன். கொடுத்துவிட்டார்கள்.

அவளுடைய வேலை என்ன என்று எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். நம் நரம்புகளில் ஒரு நொதி இருக்கிறது. பூச்சிமருந்துகளில் ஒரு வகை அந்த நொதியைத்தான் அடித்துப் போடும். பூச்சி சாவது அதனால்தான், மருந்தடிக்கும் மனிதன் மயங்கி விழுவதும் அதனால்தான். ஜெயா அதே நொதியை ஒரு விரல் நீளப் பட்டையில் தடவி, தண்ணீருக்குக் காவல் வைத்தாள். நொதி உயிரோடு வேலை செய்தால் பட்டையில் இத்தனை மின்சாரம் ஓடும். விஷம் வந்து நொதி படுத்தால் மின்சாரம் இறங்கும். இறங்கினால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து அவள் போனுக்குத் தகவல் வரும். மின்சாரம் நன்றாக ஓடினால் பச்சை. கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கிறது. இதற்குப் பத்து வருடம் ஆனது.

ஏன் ஆனது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். கல்யாணமான இரண்டாம் வருடம், சீசன் நேரம். சாரல் அடிக்கிறது, குற்றாலத்தில் தலைகளாகத் தெரிகின்றன. பேரருவிக்குக் கீழே ஓடும் தண்ணீரில் தன் பட்டையைச் சோதிக்கப் போனாள். காரைக்குடித் தண்ணீரில் வாரக்கணக்கில் உழைத்த பட்டை, இங்கே ஒரு மணி நேரத்தில் படுத்துவிட்டது. ஒன்றல்ல, அறுபது பட்டை. கூட வேலை பார்த்தவர்கள் நொதியைக் குறை சொன்னார்கள். அவள் மூன்று நாள் பாறையில் உட்கார்ந்து குளிக்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள், எண்ணெய் தேய்த்துவிடும் ஓர் அண்ணாச்சியிடம் போய், "கைய இந்தத் தண்ணியில ஒருக்கா முக்குங்க" என்று பாத்திரத்தை நீட்டினாள். அவர் கூட நின்ற என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தத் தண்ணீரில் பட்டை பத்து நிமிடம் தாங்கவில்லை. ஊரே நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும் தண்ணீரில் எண்ணெய் படலமாகப் போய்ப் பட்டையின் மூச்சை அடைத்திருக்கிறது. கொரியாவில் இருந்தால் இது அவளுக்குத் தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு பட்டைக்கு மேலே எண்ணெயும் அழுக்கும் ஒட்டாத ஒரு மெல்லிய சவ்வு போட வழி கண்டுபிடிக்க ஒன்றரை வருடம் ஆனது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

போன வருடம் கருவிக்கு நல்ல காலம் பிறந்தது. சென்னையிலிருந்து ஓர் அரசாங்க நிபுணர் குழு, ஒரு கிராமத்துக் குடிநீர்க் கிணற்றில் ஆறு மாதம் வைத்துப் பார்க்கலாம் என்றது. தேறினால் நாற்பது ஊர்களுக்கு. ஆனால் ஒரு நிபந்தனை. இடையில் ஒரே ஒரு பொய் எச்சரிக்கை வந்தாலும் அத்தோடு முடிந்தது. தண்ணீர் விஷயத்தில் ஊரைப் பொய்யாகப் பதறடிக்கும் கருவி வேண்டாம் என்றார்கள். நியாயம்தான். ஜெயா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

சுந்தரபாண்டியபுரத்துக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே எனக்கு இனி மோட்டார் வேலை கிடைக்காது. ஊர்க்கிணறு, பக்கத்தில் மோட்டார் ரூம், அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிக்குக் குழாய். அந்தக் குழாயில் பெட்டியைப் பொருத்தினோம். மோட்டார் போடும் பாண்டி வாரத்துக்கு ஒரு தடவை பட்டை மாற்றப் பழகிக்கொண்டான். ஐந்து மாதமும் இருபது நாளும் பச்சை விளக்கு அசையவில்லை.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது, நானும் என் வேலையைக் காட்டினேன்.

காலை பத்து மணிக்கு அந்த மோட்டாரைச் சுத்தம் செய்யப் போயிருந்தேன். பாண்டி சந்தனமும் குங்குமமும் குழைத்து வைத்திருந்தான். மோட்டாருக்கு வைத்தோம், ஸ்டார்ட்டருக்கு வைத்தோம், ஸ்பேனருக்கும் வைத்தோம். என் பெண்டாட்டியின் கருவிக்கு மட்டும் வைக்காமல் வருவதா? பெட்டியில் பெரிதாக ஒன்று வைத்தேன். அதோடு நின்றிருந்தால் நான் மனிதன். பட்டை செருகும் மூடியின் மேலும், இதுதானே முக்கியமான இடம் என்று, தாராளமாக ஒன்று அப்பினேன். வீட்டுக்கு வந்ததும் பெருமையாகச் சொன்னேன். அவள் கருவிக்கென்று வைத்திருந்த நோட்டை எடுத்து என்னவோ எழுதினாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பாண்டி மோட்டார் போட்டான். ஐந்தே காலுக்கு அவள் போன் அலறியது. சிவப்பு.

"பாண்டி, மோட்டாரை நிறுத்து. தொட்டி வால்வை மூடு. ஒருத்தரும் தண்ணி பிடிக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே என் வண்டியின் பின்னால் ஏறினாள். நான் வண்டியை விரட்டினேன். என் குங்குமம்தான் அவளுடைய பத்து வருடத்தைக் கொன்றுவிட்டது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது மோட்டார் ரூம் முன்னால் காலிக் குடங்களோடு பாதி ஊர் நின்றது. முன்வரிசையில் குருவம்மாள். தெருமுனை இட்லிக் கடைக்காரி, ஐம்பது வயதிருக்கும், குரலுக்கு மைக் தேவையில்லை. மூடியின் மேல் இருந்த குங்குமத்தை அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பாண்டி நடந்ததைச் சொல்லிவிட்டிருந்தான்.

"ஏட்டி வலசைக்காரி, குங்குமத்துக்கே பயப்படுத மெசினையா எங்க ஊருல கொண்டாந்து மாட்டிருக்க?" என்றாள் குருவம்மாள். "எனக்கு எட்டு மணிக்கு இட்லி வேவணும். வால்வைத் தொறக்கச் சொல்லு."

ஊராட்சித் தலைவர் இசக்கிதுரை அமைதியானவர். ஜெயாவை ஓரமாகக் கூப்பிட்டார். "தாயி, இதுல உங்க மேல குத்தமே இல்ல. வீட்டுக்காரரு தெரியாம பொட்டு வச்சுட்டாரு, அதான் கோளாறுன்னு நான் லெட்டர் எழுதித் தாரேன். சென்னைக்காரங்களும் ஒத்துக்கிடுவாங்க. மெசினுக்கும் கெட்ட பேரு வராது. தண்ணியத் தொறந்து விட்ருவோம். சாமி நாளு, ரெண்டு நாளா ஒருத்தன் வயலுக்கு மருந்தடிக்கல. வெஷம் எங்கன இருந்து வரும்?"

எனக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார். "ஆமா ஜெயா" என்று அவள் கையைப் பிடித்தேன். "பழிய எம்மேல போடு. ஊர் என்னையச் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகுது. ஒன் பத்து வருச ஒழைப்பு தப்பிச்சிரும்."

"வெஷம் இருந்துச்சுன்னா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். பிடித்த கையை விட்டேன்.

அவள் பையிலிருந்து நான்கு புதுப் பட்டைகளை எடுத்தாள். மோட்டார் ரூம் திண்டின் மேல் நான்கு டம்ளர்கள். குருவம்மாளையே பக்கத்தில் நிற்கச் சொன்னாள். இரண்டு டம்ளரில் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த சுத்தமான தண்ணீர். அவற்றில் ஒன்றில் என் குங்குமத்தைச் சுரண்டிப் போட்டுக் கலக்கினாள், தண்ணீர் செக்கச் செவேல் என்று ஆனது. மூன்றாவதில் கிணற்றுத் தண்ணீர். நான்காவதில், பாண்டி முந்தின நாள் மாலை மோட்டார் ஓடும்போது குடிக்கப் பிடித்து வைத்திருந்த குடத்துத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு பட்டை. கால் மணி நேரம் கழித்து ஒவ்வொரு பட்டையையும் பையில் இருந்த சின்ன விளக்குப் பெட்டியில் செருகிப் பார்த்தாள்.

சுத்தமான தண்ணீர், பச்சை. குங்குமத் தண்ணீர், பச்சை. பாண்டியின் குடத்துத் தண்ணீர், பச்சை. கிணற்றுத் தண்ணீர் மட்டும் சிவப்பு.

"குத்தாலத்து எண்ணெயவே உள்ள விடாத சவ்வு, இவங்க குங்குமத்தையா விடும்?" என்றாள் ஜெயா. பிறகு போனில் கோடு போட்ட படத்தைக் காட்டினாள். "பொட்டு வச்சது நேத்து காலையில பத்து மணிக்கு. அதுக்கப்புறம் சாயந்திரம் நாலு மணிக்கு மோட்டார் ஓடியிருக்கு. கோடு நேரா போவுது, பாருங்க. எறங்கினது இன்னைக்குக் காலையில அஞ்சு மணிக்குத்தான். நேத்து சாயந்திரத்துக்கும் இன்னைக்கு விடியுததுக்கும் நடுவுல கெணத்துல என்னமோ விழுந்திருக்கு."

"அதான் கேக்கேன், மருந்தே அடிக்காம எப்படி விழும்?" என்றார் இசக்கிதுரை.

அவள் மழுப்பவில்லை. "தெரியல அண்ணாச்சி. ஆனா தண்ணியத் தொறக்க முடியாது." கூட்டம் கொதித்தது. கருவி தப்பு, அதைச் சரி என்று காட்ட இந்த அம்மா வித்தை காட்டுகிறாள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நான் சட்டைக் கையை மடித்தேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள். மடித்ததை இறக்கிவிட்டேன்.

தலைவர் வீட்டில் உட்கார்ந்து ஆலங்குளத்துக்குப் போன் போட்டு டேங்கர் லாரிக்குச் சொல்லலாம் என்று நடந்தோம், பாண்டியும் குருவம்மாளும் பின்னாலேயே வந்தார்கள். வீட்டு முற்றத்தில் முந்தின நாள் பூஜை அப்படியே இருந்தது. கதிர் அரிவாள், மண்வெட்டி, டிராக்டர் சாவி. அவற்றோடு வரிசையாக எட்டு மருந்தடிக்கும் டேங்குகள். முதுகில் மாட்டிக்கொண்டு அடிப்போமே, அவை. வருடம் முழுக்கப் பிசுபிசுவென்று இருக்கும் டேங்குகள், அன்று கல்யாண மாப்பிள்ளை போலப் பளபளத்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ.

ஜெயா அங்கேயே நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, இதையெல்லாம் எங்கன வச்சுக் கழுவுனிய?"

பதிலைப் பாண்டிதான் சொன்னான். "கெணத்தடிக் கல்லுலதான் அக்கா. வருசா வருசம் அங்கனதான். நேத்து சாயந்திரம் மோட்டார் ஆஃப் பண்ணதுக்கு அப்புறம் ஊரு டேங்கு அம்புட்டும் அங்க வச்சுத்தான் கழுவுனோம். நாப்பது அம்பது இருக்கும்."

சாமிக்கு முன்னால் அழுக்காக வைக்கக் கூடாது என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். ஒரு வருட மருந்து அத்தனையும் ஒரே மாலையில், விரிசல் விட்ட கிணற்றடிக் கல் வழியாக, கிணற்றுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. பக்தியைத் தவிர வேறு குற்றம் இல்லை. அதனால்தான் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை.

குருவம்மாள் தன் காலிக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். "எட்டு மணிக்கு ஊருக்கே அவிச்சுப் போட்டிருப்பேனே, பாவி" என்றாள். தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள்.

மதுரைக்கு அனுப்பிய தண்ணீரின் முடிவு நான்காம் நாள் வந்தது. நூறு கோடித் துளித் தண்ணீரில் ஆறு துளி மருந்து. குடிக்கத் தகாது. கிணற்றை இறைத்து, கல்லைப் பூசி, மறுபடி பச்சை வரும்வரை பதினொரு நாள் ஊர் டேங்கர் தண்ணீர் குடித்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அடுத்த வாரம் குழு வந்தது. கருவியின் நாட்குறிப்பை வாங்கிப் படித்த பெரியவர் ஓர் இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அன்று நான் வீட்டுக்கு வந்து பெருமையடித்ததும் அவள் நோட்டில் எழுதியது அதுதான். "காலை 10.00. என் கணவர் உணர்கருவியின் மூடியில் குங்குமம் வைத்தார். விளைவு கவனிக்கப்பட வேண்டும்." அரசாங்கக் கோப்பில் நான் ஏறியது அந்த ஒரு வரியில்தான். அதை மறைத்திருக்கலாமே என்று பிறகு கேட்டேன். "நடந்ததை எழுதாம விட்டா, அப்புறம் நான் எழுதுத எதை நம்புவாங்க?" என்றாள். எனக்கு அப்போது அவள் மேல் வந்த பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைக்குப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டாரைக் கழற்றி மாட்டினேன்.

நாற்பது ஊருக்கும் ஒப்புதல் கிடைத்தது. கருவியை ஒருவரும் தொடாதபடி இரும்புக் கூண்டு போடலாம் என்று குழுவில் ஓர் இளைஞர் யோசனை சொன்னார். ஜெயா வேண்டாம் என்றுவிட்டாள். "கூண்டு போட்டா கூண்டுக்குள்ள கைய விட்டு வைப்பாங்க சார். வைக்கத்தான் செய்வாங்க. எங்க வைக்கணும்னு நாம சொல்லுவோம்." இப்போது செய்யும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் ரூபாய்க் காசு அளவில் ஒரு வட்டம் இருக்கிறது. பெட்டி வார்க்கும் அச்சில் என் கையால் வெட்டிய வட்டம். எதற்கென்று விளக்கக் குறிப்பேட்டில் ஏழாம் பக்கத்தில் போட்டிருக்கிறது.

இந்த வருட ஆயுத பூஜைக்கு அந்த ஊருக்குப் போனோம். ஊருக்கு வெளியே, கிணற்றிலிருந்து தூரமாக, தளம் போட்டு ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள். டேங்குகளெல்லாம் அங்கேதான் குளித்தன. மோட்டார் ரூமில் ஜெயா பட்டையை மாற்றிக்கொண்டிருந்தாள். பாண்டி சந்தனக் கிண்ணத்தை நீட்டினான். பழக்க தோஷம், நான் விரலை விட்டு எடுத்துப் பெட்டிப் பக்கம் கொண்டுபோனேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. குருவம்மாள்.

"ஏலே வைண்டிங்காரா, நீ தொடாத. ஒன் லெச்சணம் ஊருக்கே தெரியும்." கிண்ணத்தைப் பிடுங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வட்டத்துக்குள் ஒரு பொட்டு வைத்தாள். ஒரு துளி வெளியே போகவில்லை. பிறகு பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு ஜெயாவிடம் திரும்பினாள். "ஏட்டி டாக்டரு, சரியா இருக்கா? இது எங்க வீட்டுப் பெட்டி, பாத்துக்க. இவன் கைய இதுல வைக்க விட்டிராத."

நான் விரலில் இருந்த சந்தனத்தை என் நெற்றியிலேயே வைத்துக்கொண்டேன்.